80 மி.மீ. லென்ஸ் எப்போது 51, எப்போது 43, எப்போது 34?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் நீங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சீக்கிரம் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு வரிசை வீடு முழுவதையும் ஒரே படத்தில், பிலிமில் எடுத்து வைக்க ஆசைப்படுகிறீர்கள். தாத்தா விட்டுப்போன யாஷிகா மேட் 124ஜி இருக்கிறது, அதில் கழற்ற முடியாத 80 மி.மீ. லென்ஸ். உங்களுடைய 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு (இந்த 35 பிலிமின் அகலம், லென்ஸின் எண் இல்லை) 50, 28 என்று இரண்டு லென்ஸ். 80 என்றாலே டெலி, தூரத்தைக் கிட்ட இழுக்கும் லென்ஸ், வீடு அடங்காது என்கிறார் ஒருவர். இல்லை, 35 மி.மீ. கேமராவின் கணக்குக்கு மாற்ற 0.64-ஆல் பெருக்கு, 51 வரும் என்கிறார் இன்னொருவர். 0.55-ஆல் பெருக்கு, 44 வரும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

முதல் ஆள் சொல்வது தவறு. மற்ற இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மி.மீ. என்று சொல்வது லென்ஸின் குவிய தூரம், அது லென்ஸின் குணம். அது எந்த கேமராவில் மாட்டினாலும் மாறாது. குவிய தூரம் ஒன்றைத்தான் தீர்மானிக்கிறது: இவ்வளவு தூரத்தில் நிற்கும் பொருள் பிலிமில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை. 20 மீட்டர் தள்ளி நின்று 2 மீட்டர் உயரக் கதவு ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 80 மி.மீ. லென்ஸ் அந்தக் கதவை 8 மி.மீ. உயரத்தில் பிலிமில் போடும். 50 மி.மீ. லென்ஸ் 5 மி.மீ. உயரத்தில் போடும். பின்னால் இருப்பது சின்ன பிலிமா பெரிய பிலிமா என்று லென்ஸுக்குத் தெரியாது. அது ஒரு வட்டமான பிம்பத்தைப் பின்னால் வீசுகிறது, அந்த வட்டத்துக்குள்ளே பிலிம் எவ்வளவு பரப்பைப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் படம். பார்வைக்கோணம் என்பது இந்த இரண்டும் சேர்ந்து வருவது. பிலிமின் பக்கத்துக்கும் குவிய தூரத்துக்கும் உள்ள விகிதம் அது. ஒன்றை மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான்.

இதைக் கணக்குப் போட்டு நம்புவதை விடக் கண்ணால் பார்த்துவிடுங்கள், உங்கள் தாத்தாவின் கேமராவிலேயே முடியும். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே தேய்த்த கண்ணாடியில் படம் தெரியும் இல்லையா, அந்தப் பார்வை லென்ஸும் 80 மி.மீ.தான். அந்தக் கண்ணாடி ஏறக்குறைய பிலிம் பிரேம் அளவுக்கே இருக்கும். ஒரு கறுப்புத் தாளை எடுத்து நடுவில் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவில் ஓட்டை வெட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து லயத்தைப் பார்க்கத் திருப்புங்கள். தாள் இல்லாமல் முதலில் பாருங்கள்: இடம் வலம் மாறி, பக்கம் பக்கமாகக் கதவுகள், மேலே தகரக் கூரை, கீழே கால்வாய், முன்னால் கொஞ்சம் புல்தரை, எல்லாம் இருக்கும். இப்போது தாளைக் கண்ணாடிமேல் வையுங்கள். கதவு அதே 8 மி.மீ.தான், ஒரு இழை கூடப் பெரிதாகவில்லை. ஆனால் ஓரத்து வீடுகள் போய்விட்டன, கூரைக்கு மேலிருந்த வானமும் புல்தரையும் போய்விட்டன. உங்கள் 35 மி.மீ. கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் மாட்டினால் கிடைப்பது அந்த ஓட்டைக்குள் தெரிவது மட்டும்தான். அதை ஒரு முழுத்தாள் பிரிண்டாகப் பெரிதாக்கும்போது 'கிட்ட இழுத்த' மாதிரி தோன்றுகிறது, அதனால் டெலி என்ற பெயர் வந்தது. தாளை எடுத்துவிட்டால் அதே லென்ஸ் சாதாரண லென்ஸ். லென்ஸ் மாறவே இல்லை.

சரி, இப்போது கணக்கு. கோணத்தை டிகிரியில் சொல்வது பாடப்புத்தகத்துக்குச் சரி. களத்தில் நிற்கும்போது டிகிரி எதற்கும் உதவாது என்பது என் கருத்து. எத்தனை வீடு அடங்கும் என்றுதானே தெரிய வேண்டும்? அதற்கு ஒரே ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும்: நிற்கும் தூரத்தைப் பிலிமின் அகலத்தால் பெருக்கி, குவிய தூரத்தால் வகுத்துவிடுங்கள். வருவதுதான் படத்தில் அடங்கும் அகலம். உயரம் வேண்டுமானால் அகலத்துக்குப் பதில் பிலிமின் உயரத்தைப் போடுங்கள்.

35 மி.மீ. பிலிமில் பிரேம் 36×24 மி.மீ. யாஷிகாவின் பிரேமை 6×6 சென்டிமீட்டர் என்று சொல்கிறோமே, அது உண்மையில் 56×56 மி.மீ.தான். அதில் போடும் 120 என்ற ரக பிலிமின் அகலமே 6 சென்டிமீட்டரை ஒட்டித்தான், ஓரத்துக்குக் கொஞ்சம் விட வேண்டும். இந்த 56 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 60 என்று போட்டால் கணக்கு தப்பும். 20 மீட்டர் தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்ஸும் 35 மி.மீ. பிலிமும் சேர்ந்து 14.4 மீட்டர் அகலமும் 9.6 மீட்டர் உயரமும் பிடிக்கும். யாஷிகாவின் 80 அதே இடத்திலிருந்து 14 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் பிடிக்கும்.

அகலத்தில் கிட்டத்தட்ட ஒன்று. உயரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் யாஷிகாவின் 80-க்குச் சமமான 35 மி.மீ. லென்ஸ் எது?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். அகலத்தை அகலத்தோடு ஒப்பிட்டால் 36-ஐ 56-ஆல் வகுத்தால் 0.64. 80-ஐ அதனால் பெருக்கினால் 51. மூலைவிட்டத்தை மூலைவிட்டத்தோடு ஒப்பிட்டால், 43.3-ஐ 79.2-ஆல் வகுக்க வேண்டும், 0.55, அதனால் 44. அட்டவணைகளில் பெரும்பாலும் இந்த மூலைவிட்டக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஏனென்றால் லென்ஸ் வீசும் வட்டம் பிலிமின் நான்கு மூலையையும் மூட வேண்டும், லென்ஸ் செய்கிறவனுக்கு மூலைவிட்டம் முக்கியம். படம் எடுக்கிற உங்களுக்கு அது முக்கியமில்லை. ஒரு சதுரத்தையும் ஒரு நீள்சதுரத்தையும் மூலைவிட்டத்தால் ஒப்பிடுவது இரண்டு பேருக்குமே நியாயமில்லாத கணக்கு. நீங்கள் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு மூலைவிட்டம் கிடையாது, அகலமும் உயரமும்தான் உண்டு.

அதனால் நான் கேட்கிற கேள்வி வேறு: கடைசியில் எந்த வடிவத்தில் பிரிண்ட் போடப் போகிறீர்கள்? நம் ஊர்க் கடைகளில் 4ஆர் என்று கேட்டால் 4×6 அங்குலம், 35 மி.மீ. பிரேமின் வடிவம் அப்படியே. அதற்கு யாஷிகாவின் சதுரத்திலிருந்து 56×37 அளவில் ஒரு பட்டையை வெட்ட வேண்டும். அப்போது உங்கள் 80, 35 மி.மீ. கேமராவில் 51 மாதிரி. 8ஆர் என்றால் 8×10 அங்குலம். யாஷிகாவிலிருந்து 56×45 வெட்டுவீர்கள், 35 மி.மீ. பிரேமிலிருந்தும் இரண்டு ஓரத்தையும் வெட்டி 30×24 ஆக்க வேண்டியிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள், அதே 80 இப்போது 43 மாதிரி. சதுரமாகவே போடுகிறீர்கள் என்றால் 35 மி.மீ. பிரேமில் மிஞ்சுவது 24×24 மட்டும்தான். அப்போது அந்த 80, 34 மாதிரி, அதாவது அகன்ற பார்வை கொண்ட வைட் லென்ஸ் வரிசைக்கே போய்விடுகிறது. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே நெகட்டிவ். பிரிண்டின் வடிவம் மாறினால் சமமான எண் 51, 43, 34 என்று ஓடுகிறது. 0.64, 0.55 என்று சண்டை போடும் இருவரிடமும் இதைக் காட்டுங்கள்.

35 மி.மீ. பிரேம் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்றால் அது சினிமாவிலிருந்து வந்த பிலிம். சினிமா கேமராவில் பிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு பிரேம் 18×24. லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக் 1913 வாக்கில் அதையே படுக்கவைத்து ஓட்டி, இரண்டு சினிமா பிரேமைச் சேர்த்து ஒன்றாக்கினார், 24×36. 1925-ல் லைக்கா என்ற பெயரில் 50 மி.மீ. லென்ஸோடு விற்பனைக்கு வந்தது. அந்த 50 நூறு வருடமாக 'நார்மல்' என்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மூலைவிட்டக் கணக்குப்படி நார்மல் 43 என்றுதான் வர வேண்டும், பென்டாக்ஸ் 1997-ல் அந்த அளவிலேயே ஒரு லென்ஸ் செய்து காட்டியது. நீங்கள் யாஷிகாவில் போடும் 120 பிலிம் ரகமோ அதை விடப் பழையது, கோடாக் 1901-ல் கொண்டுவந்தது, இன்னும் கிடைக்கிறது. ஒரே 120 ரோலில் கேமராவைப் பொறுத்து 6×4.5, 6×6, 6×7, 6×9 என்று வெவ்வேறு பிரேம் விழும், அதனால் '120-க்கு நார்மல் லென்ஸ் எது' என்று கேட்பதில் அர்த்தமில்லை. 6×7-க்கு 90, 6×9-க்கு 100 அல்லது 105, 4×5 அங்குலத் தனித்தாள் பிலிமுக்கு 150. எல்லாம் ஏறக்குறைய ஒரே பார்வைதான். மறுபக்கம் போனால் 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் பிலிம் பிரேமைப் பாதியாக்கி 18×24-ல் எடுத்தது, அதற்கு 28 மி.மீ. லென்ஸ்தான் நார்மல். உங்கள் 35 மி.மீ. கேமராவில் அதே 28 அகன்ற வைட்.

கைத்தொலைபேசிக்கும் இதே கதைதான். படத்தின் விவரத்தில் 26 மி.மீ. என்று இருக்கும். உண்மையில் அந்த லென்ஸ் சில மில்லிமீட்டர்தான், சென்சார் அவ்வளவு சின்னது. 26 என்பது 35 மி.மீ. பிலிமுக்கு மாற்றிச் சொன்ன எண். அங்கேயும் 4:3 வடிவத்தை 3:2 வடிவத்தோடு மூலைவிட்டத்தால் ஒப்பிட்டிருப்பார்கள், அதனால் உங்கள் பிலிம் கேமராவில் 26 மாட்டினால் அகலத்தில் தொலைபேசியை விடக் கொஞ்சம் கூடுதலாகவே அடங்கும்.

இனி உங்கள் லயத்துக்கு வருவோம். உங்கள் வரிசை 30 மீட்டர் நீளம் இருக்கும் என்றீர்கள். எதிர் வரிசை வீடுகளின் சுவரில் முதுகை ஒட்டி நின்றால் 20 மீட்டர்தான் கிடைக்கும் என்றும் சொன்னீர்கள். நேராக நின்று முழு வரிசையும் வேண்டுமானால் 20-ஐ 36-ஆல் பெருக்கி 30-ஆல் வகுங்கள். 24 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதுவும் ஓரத்தில் ஒரு விரல் இடமில்லாமல். உங்கள் 28 அதே இடத்திலிருந்து 25.7 மீட்டர்தான் பிடிக்கும், இரண்டு ஓரத்திலும் வீடு அறுபடும். யாஷிகா பாதி வரிசைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். இதற்காகப் புது லென்ஸ் வாங்காதீர்கள். 24 மி.மீ. லென்ஸில் நேராக எடுத்த லயம் எனக்குப் பிடிப்பதும் இல்லை: தலைக்கு மேல் ஒரு முழ வானம், காலடியில் ஒரு முழத் தரை, நடுவில் ஒரு மெல்லிய பட்டையாக வீடுகள். ஒரு வீட்டின் முகமும் தெரியாது.

ஓரமாகப் போய் நில்லுங்கள். வரிசையின் ஒரு முனைக்குப் பக்கத்தில், கோணலாகப் பார்த்தால் முழு வரிசையும் குறைந்த கோணத்துக்குள் சுருங்கிக்கொள்ளும், 50-லும் யாஷிகாவிலும் கூட அடக்கிவிடலாம். அப்போது முதல் வீடு பெரிதாக, கடைசி வீடு சின்னதாக வரும். இந்தப் பெரிது சிறிது வித்தியாசத்தைப் பலர் லென்ஸின் வேலை என்று நினைக்கிறார்கள். அது லென்ஸின் வேலையும் இல்லை, பிலிம் அளவின் வேலையும் இல்லை, முழுக்க முழுக்க நீங்கள் நிற்கும் இடத்தின் வேலை. முதல் வீடு 5 மீட்டரிலும் கடைசி வீடு 35 மீட்டரிலும் இருந்தால், எந்த லென்ஸ் போட்டாலும் எந்த பிலிம் போட்டாலும் முதல் கதவு கடைசிக் கதவைப் போல் 7 மடங்கு உயரமாகத்தான் விழும். பத்து மீட்டர் பின்னால் போனால் 15-க்கு 45, வெறும் 3 மடங்கு. அதனால் எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அங்கிருந்து எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை வைத்து லென்ஸையும் கேமராவையும் எடுங்கள். கேமராவை முதலில் எடுத்துவிட்டு அதற்குத் தகுந்த இடம் தேடுவது தலைகீழ் வேலை.

முகப்படத்துக்கும் இதேதான். 1948-ல் மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்கியது உங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த கொலைகளால்தான். அதையொட்டி 12 வயது தாண்டிய எல்லோரையும் படம் பிடித்து ஐ.சி. (அடையாள அட்டை) கொடுத்தார்கள், தோட்டத்தில் பல குடும்பங்களுக்குப் பாட்டியின் இளவயதுப் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். இப்போது அந்தப் பாட்டிமாரை வாசலில் உட்காரவைத்து எடுக்க விரும்பினால், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். 28-ஐப் போட்டுக்கொண்டு முகத்துக்குக் கிட்ட போகாதீர்கள், மூக்கு முன்னால் வந்துவிடும். அது 28-ன் குற்றமில்லை, அரை மீட்டரில் நின்றதன் விளைவு. யாஷிகாவில் இரண்டு மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் சதுரம் அடங்கும், உட்கார்ந்திருக்கும் ஆளும் பின்னால் கதவும் வருவதற்குச் சரியான அளவு. 80 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 3.5-ல் முழுதாகத் திறந்தால் பின்னணி 35 மி.மீ. கேமராவில் 50 மி.மீ., எஃப் 2.2 கொடுக்கிற அளவுக்கு மங்கும். ஒரே பார்வைக்குப் பெரிய பிலிமில் நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது, அதனால்தான் ஃபோகஸ் ஆழம் குறைகிறது. லயம் எடுக்கும்போது இதை மறந்துவிட வேண்டாம்: கோணலாக எடுக்கும் படத்தில் முதல் வீடும் கடைசி வீடும் தெளிவாக வர யாஷிகாவில் எஃப் 16-க்கு மூட வேண்டியிருக்கும், முக்காலி கட்டாயம்.

யாஷிகாவின் சதுரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு. கட்டடம் எடுக்கும்போது கூரையோ கோயில் கோபுரமோ அடங்கவில்லை என்று கேமராவை மேலே தூக்குகிறோம், உடனே சுவர்கள் உள்பக்கம் சாய்ந்துவிடும். சதுர கேமராவைத் தூக்க வேண்டாம். முக்காலியில் மட்டமாக வையுங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக இருக்கும், பரவாயில்லை. பிரிண்ட் போடும்போது மேலிருந்து 56×37 பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். சுவர்கள் செங்குத்தாக நிற்கும், கூரையும் வந்திருக்கும். பெரிய 4×5 கேமராக்காரர்கள் லென்ஸை மேலே நகர்த்திச் செய்வதும் இதே வேலைதான், அவர்கள் லென்ஸ் வீசும் வட்டத்தின் வேறு பகுதிக்கு பிலிமைக் கொண்டுபோகிறார்கள், நீங்கள் பிரேமின் வேறு பகுதியை வைத்துக்கொள்கிறீர்கள். அப்படி வெட்டிய பிறகும் உங்களிடம் மிஞ்சுவது 35 மி.மீ. நெகட்டிவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பரப்பு. தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் இப்படியே எடுங்கள்.

சிலர் 120 கேமராவுக்குள் 35 மி.மீ. பிலிமை அடாப்டர் வைத்துப் போட்டு பனோரமா எடுக்கிறார்கள், பிலிமின் ஓரத்துத் துளைகள் வரை படம் விழும். செய்து பார்ப்பதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கேமராவில் பிலிம் கீழிருந்து மேலாக ஓடுகிறது, அதனால் பட்டை நெட்டுக்குத்தாக வரும். செம்பனை மரத்துக்கு நல்லது, லயத்துக்கு கேமராவையே பக்கவாட்டில் சாய்த்து முக்காலியில் பூட்ட வேண்டும். லயத்துக்கு அதை விடச் சுலபமான வழி, வரிசைக்கு இணையாக நடந்து, ஒவ்வொரு இரண்டு வீட்டுக்கும் நேராக நின்று, தூரம் மாறாமல் ஒவ்வொரு படமாக எடுத்து பிரிண்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. நான் என்றால் அதைத்தான் செய்வேன். 10 மீட்டர் தூரத்தில் யாஷிகா 7 மீட்டர் பிடிக்கும், ஒவ்வொரு படத்துக்கும் 5 மீட்டர் நகர்ந்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும், 30 மீட்டர் வரிசைக்கு 6 படம் போதும். 120 ரோலில் 12 படம், ஆக ஒரு ரோலில் இரண்டு வரிசை. ஒவ்வொரு வீட்டின் கதவும், வாசலில் கழற்றிவிட்ட செருப்பும், சுவரில் எழுதிய வீட்டு எண்ணும் தெரியும், 24 மி.மீ. லென்ஸில் ஒரே அமுக்கில் எடுத்தால் இதெல்லாம் வராது.

உள்ளே எடுப்பதற்கு மட்டும் யாஷிகாவை விட்டுவிடுங்கள். லயத்து அறையில் 3 மீட்டருக்கு மேல் பின்னால் போக முடியாது, அங்கே அது 2.1 மீட்டர்தான் பிடிக்கும். உங்கள் 28 அதே 3 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர் அகலம் பிடிக்கும், சாமி மேடையும் ஜன்னலும் சேர்ந்தே வரும். அதில் ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டு, கதவைத் திறந்து வைத்து, காலை வெளிச்சம் உள்ளே விழும் நேரமாகப் பார்த்து எடுங்கள். சமையலறைக்கும் அதே லென்ஸ்தான், புகை படிந்த சுவருக்கு மட்டும் வெளிச்ச மீட்டர் காட்டுவதை விட ஒரு ஸ்டாப் குறைவான, அதாவது பாதி வெளிச்சம் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்துவிடும்.